நர்ஸ் கூப்பிட்ட பெயர்

அன்புள்ள ஆலோசகருக்கு,

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். வீட்டுக்காரர் தவறி எட்டு வருஷம். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கித்தான் ஒரே மகளைப் படிக்க வைத்தேன். இப்போது இருபது வயது. செமஸ்டர் லீவில் வந்தவள் லேப்டாப்பை மூடுவதே இல்லை. 'டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்' என்று ஒரு கேம். நாலு பொம்பளைப் பிள்ளைகள் கவிதை எழுதுகிற கதைதான் என்றாள். எட்டிப் பார்த்தால் மூன்று ராத்திரியும் அதே அறை, ஒருத்தி மட்டும் உட்கார்ந்து இவளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சாப்பிட்டியா என்றால் 'ம்'. அந்த கேம்தான் அவளைக் கெடுத்தது. முன்பெல்லாம் என்னிடம் சொல்லாதது எதுவுமில்லை. இன்டர்ன்ஷிப்புக்கு ஜொகூர் பாரு போகிறாளாம். ஏன், பக்கத்தில் ஈப்போவில் கம்பெனி இல்லையா? சிநேகிதிகள் ஏற்றிவிட்ட பேச்சு. அவள் போனில் அந்த இரண்டு பேர் நம்பரையும் நானே அழித்தேன். பக்கத்து வீட்டுப் பையனை விட்டு கேமையும் அழித்துவிட்டேன். பெற்றவளுக்கு இந்த உரிமைகூட இல்லையா? 'நீயும் மோனிக்காதாம்மா' என்று கதவைச் சாத்திக்கொண்டாள். யார் அந்த மோனிக்கா?

இந்தக் கவலையில் எனக்கு பிரஷர் வேறு. போன வாரம் கிளினிக்கில் நர்ஸ் என் பெயரை மூன்று தடவை கூப்பிட்டாராம், எனக்கு உறைக்கவே இல்லை. தோட்டத்தில் எல்லாருமே மகள் பெயரைச் சொல்லி அவள் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், பழகிவிட்டது. அது கிடக்கட்டும். அந்த கேமை அவள் மறக்க வழி சொல்லுங்கள். எட்டு வருஷமும் அவளுக்காகத்தானே வாழ்ந்தேன்.

– ஒரு தாய்

அன்புள்ள அக்கா,

'அது கிடக்கட்டும்' என்று நீங்கள் தள்ளியதை என்னால் தள்ள முடியவில்லை. மூன்று தடவை கூப்பிட்டும் உங்கள் பெயர் உங்களுக்கே உறைக்கவில்லை. கடிதத்தின் அடியிலும் பெயர் இல்லை, 'ஒரு தாய்' மட்டும்தான்.

மோனிக்கா யார் என்று சொல்கிறேன். 2017இல் வந்த அந்த கேமில் அவள் கவிதை கிளப்பின் தலைவி. தாங்கள் எல்லாரும் ஒரு கேமுக்குள் இருப்பது அவளுக்கு மட்டும் தெரிந்துவிடுகிறது. சுற்றி யாருமே நிஜமில்லை, விளையாடுகிறவர் ஒருவர்தான் நிஜம். அவரை விடக்கூடாது என்று தோழிகளின் குணத்தைக் கெடுத்து, கடைசியில் கம்ப்யூட்டரில் அவர்கள் ஒவ்வொருத்திக்கும் இருக்கிற ஃபைலையே அழிக்கிறாள். பிறகு அந்த ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறாள். நீங்கள் பார்த்தது அந்த அறையைத்தான். விளையாடுகிறவரே அந்த கேமின் ஃபோல்டரைத் திறந்து மோனிக்காவின் ஃபைலை அழித்தால்தான் அங்கிருந்து கதை நகரும். மூன்று ராத்திரி உங்கள் மகள் அங்கேயே இருந்திருக்கிறாள். அழிக்க அவளுக்கு மனசு வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எனக்கும் மோனிக்கா மேல் இரக்கம் உண்டு. அவளுக்கு வேறு யாருமே இல்லை. உங்கள் உலகத்திலும் எட்டு வருஷமாக ஒரே ஆள்தான் மிச்சம், நீங்கள்கூட அதில் இல்லை. ஆனாலும் அக்கா, நம்பர்களை அழித்தது தப்பு. அதைப் பாசம் என்று சொல்லி நான் மூடப்போவதில்லை. மகளிடம் மன்னிப்புக் கேளுங்கள். ஜொகூருக்குப் பெட்டி கட்டும்போது கூட இருங்கள்.

அந்த கேமில் தற்கொலைக் காட்சியும் வருகிறது. எளிதில் கலங்குகிறவர்களுக்கு ஏற்றதல்ல என்று தொடக்கத்திலேயே எச்சரிக்கிறார்கள். அதனால் 'மனசு எப்படி இருக்கு?' என்று ஒரு தடவை கேளுங்கள். பதிலைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

ஃபைல் அழிந்ததும் மோனிக்கா முதலில் கோபப்படுகிறாள். பிறகு, உன்னை இன்னும் நேசிக்கிறேன் என்று சொல்லித் தோழிகளைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறாள். உங்களை ஒதுங்கச் சொல்ல மாட்டேன். நீங்கள் ஏற்கெனவே உங்களை அழித்துவிட்டு நிற்கிறீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் உங்களுக்கு என்ன பிடித்தது, யாரோடு சிரித்தீர்கள் என்று மகளுக்குத் தெரியுமா? ஊருக்குப் போகும் முன் அதைச் சொல்லுங்கள். அம்மா தன் சொந்தக் காலில் நிற்கிறாள் என்று தெரிந்தால் அவளும் பயமில்லாமல் போய் வருவாள்.

அடுத்த கடிதத்தில் உங்கள் பெயரைப் போடுங்கள். அச்சில் வராது. எனக்குத் தெரிந்தால் போதும்.