மஞ்சள் நோட்டீஸ் வக்கீல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் ஒரு சீனியரிடம் ஏழு ஆண்டுகளாக ஜூனியராக இருக்கிறேன். அலுவலகத்தின் திவால் மனுக்களை நான்தான் பார்க்கிறேன். தை பிறந்ததும் தனியாக அலுவலகம் போட்டு, திவால் வழக்குகளை மட்டும் எடுக்கலாம் என்று எண்ணம். வீட்டில் “மஞ்சள் நோட்டீஸ் வக்கீல்னு பேர் எடுக்கவா படிச்சே?” என்கிறார்கள். கையில் காசில்லாதவரிடம் என்ன ஃபீஸ் வாங்குவாய் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தனி ஆளாக இது ஓடுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஓடும். நானும் தனி ஆளாகத்தான் நடத்துகிறேன். ஆனால் ஐ.பி. என்கிற தனிமனிதத் திவால் மனுவை மட்டும் நம்பி உட்காராதீர்கள். உங்கள் ஊரில் தனிமனிதர்களுக்கு இன்றைக்கும் 1920-ஆம் ஆண்டுத் திவால் சட்டம்தான். ஐந்நூறு ரூபாய் கடனிருந்தாலே மனுப் போடலாம் என்ற வரி அதில் அப்படியே இருக்கிறது. 2016-இல் வந்த புதிய சட்டம் கம்பெனிகளுக்கும், 2019 டிசம்பர் முதல் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கும் பொருந்துகிறது. உங்கள் ஊரில் மில்லுக்கு நூல் கொடுத்துவிட்டுப் பணம் வராமல் நிற்கிற சிறு வியாபாரிகள் நிறைய. பாக்கி ஒரு கோடிக்குக் குறைவு என்றால் 2020-க்குப் பிறகு அவர்களால் கம்பெனித் திவால் வழக்குகளைப் பார்க்கும் தீர்ப்பாயத்தில் மனுப் போட முடியாது. ஆனால் வேறு யாரோ போட்ட மனுவில் அந்த மில் திவால் நடவடிக்கைக்குப் போய்விட்டால், இவர்களும் தங்கள் பாக்கியைக் கோரலாம். பில், லெட்ஜர், ஜிஎஸ்டி ரிட்டன் எல்லாம் சேர்த்து அந்தக் கோரிக்கையைச் சரியாகத் தயாரித்துக் கொடுக்க ஆள் வேண்டும். ஃபீஸ் தரக்கூடிய கட்சிக்காரர்கள் இவர்கள்தான். நிறுவனத்தைக் கலைக்கிற நிலை வந்தால் பணம் பிரிக்கும் வரிசையில் இவர்கள் கிட்டத்தட்டக் கடைசியில்தான் நிற்பார்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடனாளியிடம் ஃபீஸ் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கிடைப்பதில் பங்கு என்று பேச பார் கவுன்சில் விதி இடம் தராது. ஒரு தொகையைச் சொல்லி, எழுதிக் கொடுத்து, மனுப் போடுவதற்கு முன்பே முழுதாக வாங்கிக்கொள்ளுங்கள். திவால் என்று தீர்ப்பானதும் அவர் சொத்து அவரிடம் இருக்காது. உங்கள் பாக்கியும் அவருடைய கடன்களில் ஒன்றாகிவிடும்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது முதல் சந்திப்பைப் பற்றி. இந்தத் தொழில் நிற்பதும் கெடுவதும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான். வருகிறவர் துணிக்கடைப் பையில் காகிதங்களைத் திணித்துக் கொண்டுவருவார். கடன் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்றால் எட்டு என்பார். பக்கத்தில் இருக்கும் மனைவி மெதுவாக, “எங்க அண்ணன்கிட்ட வாங்கினது?” என்பார். அப்புறம் நகைச் சீட்டுகள் வெளியே வரும், வெற்றுப் புரோநோட்டு வாங்கிவைத்திருக்கும் வட்டிக்காரர் பெயர் வரும். பட்டியல் பதினான்கில் போய் நிற்கும். அதுவரை பொறுமையாக எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

பிறகு, “கடைசியாக எந்தச் சொத்தை யார் பேருக்கு எழுதினீர்கள்?” என்று கேளுங்கள். போன வருஷம் வீட்டை மகள் பேருக்குத் தானமாக எழுதிவிட்டதாகச் சொல்வார். எழுதிய இரண்டு ஆண்டுகளுக்குள் மனு விழுந்து அவர் திவால் என்று தீர்ப்பானால், அந்தப் பத்திரத்தை ரிசீவர், அதாவது திவாலானவரின் சொத்தைப் பொறுப்பேற்கும் அதிகாரி, ரத்து செய்ய வைக்க முடியும். கணக்கை மறைத்ததாகத் தெரிந்தால் அவருக்குச் சிறைத் தண்டனை வரையிலும் போகும். வீடு வங்கியில் அடமானத்தில் இருந்தால் ஐ.பி. போட்டு அதைக் காப்பாற்ற முடியாது. செக் கேஸும் தன் பாட்டுக்கு நடக்கும். இதையெல்லாம் அன்றே, மனைவியின் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள், போகட்டும். “ஒரு மனுப் போட்டால் எல்லாக் கடனும் போச்சு” என்று சொல்லி வக்காலத்து வாங்குகிறவர்களால்தான் உங்கள் வீட்டில் அப்படிப் பேசுகிறார்கள். கந்துவட்டிக்காரர் வாசலில் வந்து நிற்பதுதான் ஒருவருடைய உண்மையான பிரச்சினை என்றால், அதற்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. திவால் மனு வேண்டாம் என்று சொல்லி அனுப்புவதும் இந்த வேலையில் சேர்த்திதான்.

கடன் கொடுத்தவரும் உங்கள் ஊர்க்காரர்தான். ரிட்டையர்மென்ட் பணத்தை வட்டிக்குக் கொடுத்து ஏமாந்தவர் அடுத்த வாரம் உங்களிடமே வந்து உட்காருவார். ஒரு தரப்புக்கு யோசனை சொன்ன பிறகு மறு தரப்புக்குப் போக முடியாது. அதனால் கதையைக் கேட்பதற்கு முன் எதிராளிகளின் பெயர்களைக் கேட்டு, அவர்கள் ஏற்கெனவே உங்களிடம் வந்தவர்களா என்று நோட்டில் பாருங்கள்.

தனி ஆளுக்குப் பெரிய பயம் தேதிகள். கம்பெனித் திவால் வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக 30 நாள், காரணம் சொன்னால் இன்னும் 15. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, சொன்ன நாளிலிருந்து கணக்கு என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உத்தரவு சொன்ன அன்றே சர்டிபைட் காப்பிக்கு மனுக் கொடுங்கள். காய்ச்சலில் படுத்தால் யார் போய் நிற்பது என்பதை இப்போதே ஒரு நண்பரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சப் கோர்ட்டில் இன்னொரு தேதி இருக்கிறது. திவால் என்று தீர்ப்பளிக்கும்போதே டிஸ்சார்ஜ் மனு, அதாவது கடனிலிருந்து விடுவிக்கக் கேட்கும் மனு, போட நீதிமன்றம் கெடு வைக்கும். தீர்ப்பு வந்ததுமே எல்லாம் முடிந்தது என்று கட்சிக்காரர் நினைத்துவிடுவார். கெடு தாண்டினால் தீர்ப்பு ரத்தாகி, கடன் கொடுத்தவர்கள் மறுபடி வாசலுக்கு வருவார்கள். தைக்கு முன் சீனியரிடம் அனுமதி கேட்டு, முடிந்துபோன ஐ.பி. கட்டுகளைப் பிரித்துப் பாருங்கள். கெடு இன்னும் தாண்டாமல், மனுவும் போடாமல் யாராவது இருந்தால் அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.