தினமும் 8,500 ஸ்டெப் நடந்தும் எடை ஏறுவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 42. உயரம் 170 செ.மீ., எடை 78 கிலோ. கணக்கு எழுதும் வேலை, பகல் முழுக்க உட்கார்ந்தபடிதான். காலை நடை, மாலை நடை எல்லாம் சேர்த்து வாட்ச்சில் தினமும் சராசரியாக 8,500 ஸ்டெப் காட்டுகிறது. அதை வைத்து உணவுக் கணக்குப் போடும் ஆப்பில் 'மாடரேட்லி ஆக்டிவ்' என்று கொடுத்தேன். 2,540 கலோரி என்றது. வாட்ச்சை அதோடு இணைத்ததும் இன்னும் 350 சேர்த்து, 2,890 வரை சாப்பிடலாம் என்கிறது. நான் எழுதி வைத்து 2,500 தான் சாப்பிடுகிறேன். இரண்டு மாதத்தில் ஒன்றரை கிலோ கூடிவிட்டது. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. எங்கே தவறு?

பதில்: உங்கள் நடையில் எந்தத் தவறும் இல்லை. அதே நடை ஆப்பில் இரண்டு முறை வரவு வைக்கப்பட்டிருக்கிறது, அதுதான் விஷயம். 'மாடரேட்லி ஆக்டிவ்' என்று கொடுத்தபோது ஒரு முறை, வாட்ச்சை இணைத்தபோது மறுபடியும் ஒரு முறை. என்னிடம் வருகிறவர்களில் பலர் இதே இடத்தில்தான் சிக்குகிறார்கள்.

ஆப் போட்ட கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம். பல ஆப்கள் 1990-ல் வந்த மிஃப்ளின் சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றன. ஆண்களுக்கு: எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, கடைசியில் 5 கூட்ட வேண்டும். உங்களுக்கு ஏறத்தாழ 1,640 வருகிறது. நாள் முழுக்க அசையாமல் படுத்திருந்தாலும் உடம்பு செலவழிக்கும் கலோரி இது. இதை 1.2-ஆல் பெருக்கினால் உட்கார்ந்து வேலை செய்பவரின் தேவை, 1,970. 'மாடரேட்லி ஆக்டிவ்' என்பதற்கான 1.55-ஆல் பெருக்கினால் 2,540. நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த ஒரு சொல் மட்டும் 570 கலோரி கூட்டியிருக்கிறது.

சரி, 8,500 ஸ்டெப்புக்கு உண்மையில் எவ்வளவு செலவாகும்? ஒரு ஸ்டெப்பின் நீளம் உயரத்தில் சுமார் 41 சதவீதம் இருக்கும். உங்களுக்கு 70 செ.மீ., அதாவது மொத்தம் 6 கிலோமீட்டர். சமதரையில் சாதாரண வேகத்தில் நடக்கும்போது, ஓய்வுச் செலவு போக, ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ அரை கலோரி செலவாகிறது. 78 கிலோ, 6 கிலோமீட்டர், அரை கலோரி: 235 வருகிறது. வாட்ச் 350 என்று காட்டுவதில், அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கக்கூடிய கலோரியும் கலந்திருக்க வாய்ப்புண்டு.

இந்த 235-லும் வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் நடமாடும் ஸ்டெப்புகள் அடக்கம். அவை ஏற்கெனவே 1.2-க்குள் வந்துவிட்டன. அதனால் 1,970-உடன் 200 கூட்டினால் போதும், 2,170. ஆப் சொன்ன 2,890-க்கும் இதற்கும் 700 கலோரிக்கு மேல் வித்தியாசம்! ஒரு முழு மதியச் சாப்பாடு அளவு.

சூத்திரத்தைவிட நம்பகமான ஒன்று உங்களிடமே இருக்கிறது, எடை மெஷின். ஒரு கிலோ எடை என்பதைத் தோராயமாக 7,700 கலோரி என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை கிலோவுக்கு 11,550. அறுபது நாளுக்குப் பிரித்தால் தினமும் 190 கலோரி மிஞ்சியிருக்கிறது. நீங்கள் சாப்பிட்ட 2,500-ல் இதைக் கழித்தால் 2,300. இரண்டு வழியில் போனாலும் 2,200, 2,300 பக்கத்தில்தான் வந்து நிற்கிறோம்.

'மாடரேட்' என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2004-ல் டியூடர்-லாக், பாசெட் என்ற ஆய்வாளர்கள் ஸ்டெப் எண்ணிக்கையை வைத்து ஒரு பட்டியல் தந்தார்கள். 5,000-க்குக் கீழே என்றால் உட்கார்ந்த வாழ்க்கை, 7,500 முதல் 10,000-க்குள் ஓரளவு சுறுசுறுப்பு, அதற்கு மேல் சுறுசுறுப்பு. அந்தப் பட்டியலில் உங்களுக்கு நல்ல இடம்தான். ஆனால் அது கலோரியைப் பெருக்குவதற்காகப் போட்ட பட்டியல் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2020-ல் வெளியிட்ட அளவுகளில் 65 கிலோ ஆணுக்கு உட்கார்ந்த வேலை என்றால் 2,110 கலோரி, மிதமான உழைப்பு என்றால் 2,710. அங்கே மிதமான உழைப்புக்குப் பெருக்கும் எண் 1.8, பகலில் பெரும்பகுதி உடம்பால் உழைப்பவருக்குப் பொருந்துவது அது. ஒரே சொல்லுக்கு மூன்று இடத்தில் மூன்று அர்த்தம் இருந்தால் நீங்கள் குழம்பியதில் ஆச்சரியமே இல்லை.

உங்கள் மனைவியும் கூடவே நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 55 கிலோ எடை, 157 செ.மீ. உயரம் உள்ளவருக்கு அதே 8,500 ஸ்டெப்புக்கு 150 கலோரிதான் செலவாகும். உங்கள் வாட்ச் எண்ணை வைத்து அவருடைய தட்டை நிரப்பிவிடாதீர்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு நடையைக் குறைத்துவிடக் கூடாது. சராசரி வயது 72 உள்ள பெண்களிடம் 2019-ல் ஐ-மின் லீ குழு வெளியிட்ட ஆய்வில், 2,700 ஸ்டெப் நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது; 7,500 வரை அது மேலும் குறைந்துகொண்டே போனது. 10,000 என்பதோ 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண். அதை எட்டவில்லையே என்ற கவலை வேண்டாம். முடிந்தால் அரை மணி நேரமாவது நிமிடத்துக்கு 100 ஸ்டெப் வேகத்தில் நடங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: ஆப்பில் 'செடன்டரி' (உட்கார்ந்த வாழ்க்கை) என்று மாற்றுங்கள், வாட்ச் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். இலக்கை 2,000 கலோரி என்று நீங்களே கொடுங்கள். 500 குறைக்க வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். மாலை வடை, பலகாரம், காபியில் போடும் சர்க்கரை, மதியம் இரண்டாவது முறை போட்டுக்கொள்ளும் சோறு, தாளிப்பில் அளக்காமல் ஊற்றும் எண்ணெய், இவற்றிலேயே பெரும்பகுதி போய்விடும். பருப்பு, முட்டை, தயிர், காய்கறியில் கை வைக்காதீர்கள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து, வாரச் சராசரியை எழுதுங்கள். மூன்று வாரத்தில் அந்தச் சராசரி இறங்கவே இல்லையென்றால் இன்னும் 100 குறையுங்கள். வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் இறங்கினால் 100 கூட்டிக்கொள்ளுங்கள்.