கிளப்பிவிட்டது யார்?

கேள்வி: ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் பாடிய ‘பிளாக் அண்ட் ப்ளூ’வைக் கேட்டால், அமெரிக்கக் கறுப்பர்கள் ஒரே குரலில் வெள்ளையரிடம் நியாயம் கேட்பது போலிருக்கிறது. கறுப்பர்களுக்குள்ளேயே நிறபேதம் என்பதெல்லாம் பிற்பாடு சிலர் கிளப்பிவிட்டதுதானே?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: கிளப்பிவிட்டவர் பெயரே தெரியும்: டச் ஷூல்ட்ஸ். தொழில், மதுவிலக்குக் கால நியூயார்க்கில் கள்ள பீர் விற்பது. குறுக்கே வருகிறவர்களைத் தீர்த்துக்கட்டுவது உபதொழில். 1929இல் ‘ஹாட் சாக்லேட்ஸ்’ என்ற பிராட்வே (நியூயார்க் நாடக அரங்கு) இசை நிகழ்ச்சிக்குப் பின்னால் இருந்தது அவர் பணம். பணம் போட்டவருக்குக் கலை தானாக வந்துவிடுமே! கறுப்பாய்ப் பிறந்ததால் துணை கிடைக்காமல் ஒருத்தி புலம்புகிற மாதிரி காமெடிப் பாட்டு வேண்டும் என்றார். பாடலாசிரியர் ஆண்டி ரஸாஃப் முடியாது என்றார். துப்பாக்கி வெளியே வந்தது. பாட்டும் வந்தது, அதுதான் நீங்கள் கேட்ட ‘பிளாக் அண்ட் ப்ளூ’. ரஸாஃப் சொன்னதாக வழங்கும் கதை இது. தயாரிப்பாளர் தொல்லை தாங்கவில்லை என்று பேட்டி கொடுக்கும் நம் இயக்குநர்கள் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

ரஸாஃப் மடகாஸ்கர் அரச குடும்பத்து வாரிசு. முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாட்டே முடிந்துவிடும், அதனால் சுருக்கிக்கொண்டார். சுருக்கி என்ன பயன்? நீங்களும் ஆம்ஸ்ட்ராங் பெயரைத்தானே எழுதியிருக்கிறீர்கள். பாடலாசிரியர் பெயரைச் சொன்னால் நாக்கு வெந்துவிடும் என்று நினைக்கிற பண்பலை அறிவிப்பாளர்களோடு எனக்குள்ள தீராப் பகையை வாசகர்கள் அறிவார்கள். ‘மெட்டுதான் பாட்டு, வரியெல்லாம் சும்மா’ என்று எழுதிய விமர்சக நண்பரோடு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

சரி, ரஸாஃப் எழுதிய வரிகளுக்கு வருவோம். மாநிறக்காரிக்கும் வெளிர்நிறக்காரிக்கும் ஆள் இருக்கிறது, ஆண்களுக்கு வெளுப்புதான் பிடிக்கிறது என்று ஒரு கறுத்த பெண் சொல்வதாகத்தான் பாட்டின் முன்பகுதி இருந்தது. சிரிக்க வந்த கூட்டத்தைச் சிரிக்க விட்டு, போகப்போக வாயை அடைத்தார் ரஸாஃப். அதே ஆண்டு இசைத்தட்டில் பாடிய ஆம்ஸ்ட்ராங் அந்த முன்பகுதியை விட்டுவிட்டார். ஒருத்தியின் வழக்கு ஓர் இனத்தின் வழக்காகிவிட்டது. பெரிய காரியம்தான். 1956இல் இன்றைய கானாவின் தலைநகர் அக்ராவில் ஆம்ஸ்ட்ராங் இதைப் பாடியபோது அந்நாட்டுப் பிரதமர் க்வாமே என்க்ருமாவின் கண் கலங்கியதைப் படமே பிடித்திருக்கிறார்கள். ஆனால் நீங்கள் சொல்லும் ‘ஒரே குரல்’ அந்தப் பெண்ணை வெளியே நிறுத்திவிட்டுக் கிடைத்தது. அவளை விடாமல் பாடியவர் கறுப்பினப் பாடகி ஈதல் வாட்டர்ஸ், 1930 பதிவு. முதலில் அதைக் கேளுங்கள்.

இதெல்லாம் பாட்டில் மட்டும் இல்லை. அப்போது நியூயார்க்கில் கறுப்பர்கள் வாழ்ந்த ஹார்லெம் பகுதியின் காட்டன் கிளப் என்ற இரவு விடுதியில் ஆட வெளிர்நிறப் பெண்களைத்தான் எடுத்தார்கள். மேடையில் கறுப்பினத்தவர், மேசையில் வெள்ளையர். வாசித்தது கறுப்பின ஜாஸ் மேதை டியூக் எலிங்டன்!

1966இல் கறுப்பினப் பாடகி நீனா சிமோன் நான்கு கறுப்பினப் பெண்களைப் பற்றிப் பாடினார். ஒவ்வொருத்தியும் தன் தோல் நிறத்தைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவாள். கறுப்பர்களுக்கான வானொலிகளிலேயே சில அதை ஒலிபரப்ப மறுத்தன. அப்புறம் 2016இல் அதே சிமோனின் வாழ்க்கையைப் படமாக எடுத்தார்கள். வெளிர்நிற நடிகையைப் பிடித்து, முகத்தைக் கறுப்பாக்கி, ஒட்டு மூக்கு வைத்தார்கள். வேறொரு கறுப்பினப் பெண்ணை நடிக்க வைக்கத் தான் பாடுபட்டிருக்க வேண்டும் என்று அந்த நடிகை மன்னிப்புக் கேட்டார், 2020இல். படம் வந்து நான்கு வருஷம் கழித்து!