உறைமண்ணில் கிடைத்த எதிர்ப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

கனடாவின் யூகான் பகுதியில், 30,000 ஆண்டுப் பழைய உறைமண்ணில் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு இருந்ததாக எழுதியிருந்தீர்கள். மருந்தே இல்லாத காலத்தில் எதிர்ப்பு எதற்கு? அது இயற்கையிலேயே உள்ளதென்றால் மருத்துவர்கள் நம்மைக் குறை சொல்வது ஏன்?

கயல்விழி, தென்காசி

அன்புள்ள கயல்விழி,

2011-இல் வெளியான அந்த ஆய்வில் கிடைத்தது பாக்டீரியாக்களின் டிஎன்ஏ. உயிரோடு குளிரில் பெருகுபவையும் உண்டு. கனடாவின் வடகோடி உறைமண்ணில் கண்டெடுத்த பிளானோகாக்கஸ் ஹாலோகிரையோஃபிலஸ் என்ற பாக்டீரியா, மைனஸ் 15 டிகிரியிலும் பெருகுகிறது. பனிக்கு நடுவே உறையாமல் நிற்கும் உப்புநீர்தான் அதற்கு வீடு.

யூகான் ஆய்வாளர்களின் கவனம் என்னை வியக்க வைத்தது. துளையிடும் கருவியின் மீதும் எடுத்த மண் உருளையின் மீதும், ஒளிரும் புரதத்தின் மரபணுவைக் கொண்ட பாக்டீரியாவை அவர்களே தெளித்தார்கள். உருளையின் உட்பகுதியில் அந்த மரபணு தென்படவில்லை. வெளியிலிருந்து எதுவும் கலக்கவில்லை என்பது உறுதியானது. உள்ளே இருந்தவை மாமூத், காட்டெருமை ஆகியவற்றின் டிஎன்ஏ, கூடவே வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணுக்கள்.

வான்கோமைசினே மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் சரக்குதான். போர்னியோ தீவின் மண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். பக்கத்துக் கிருமியைச் செல்சுவர் கட்டவிடாமல் தடுக்கும் நஞ்சு அது. நஞ்சைச் சுரப்பதற்கும் முறிவு வேண்டும், அதன் அருகில் வாழ்வதற்கும் முறிவு வேண்டும். செல்சுவர்த் துண்டுகளின் நுனியில் இருக்கும் அலனைன் என்ற அமினோ அமிலங்கள் இரண்டைத்தான் வான்கோமைசின் பற்றுகிறது. எதிர்க்கத் தெரிந்த பாக்டீரியா கடைசி அலனைன் இருக்க வேண்டிய இடத்தில் லாக்டேட் என்ற வேறொரு மூலக்கூறை வைத்துவிடுகிறது. மருந்தின் பிடி சுமார் ஆயிரம் மடங்கு தளர்ந்துபோகிறது.

மண்ணில் சிதறிக் கிடந்த இந்தத் திறமையைப் பெருக்கிவிட்டது நாம். கோழியும் பன்றியும் சீக்கிரம் எடை கூட வேண்டும் என்று ஐரோப்பியப் பண்ணைகளில் அவோபார்சினைத் தீவனத்தில் கலந்தார்கள். அது வான்கோமைசின் குடும்பத்து மருந்து. எதிர்ப்புள்ள குடல் பாக்டீரியாக்கள் தப்பிப் பெருகின. 1997-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடை செய்தது. உயிருக்குப் போராடும் நோயாளிக்கு வைத்திருக்கும் மருந்தின் உறவை எடை ஏற்றத் தீவனத்தில் போட்டதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நம் நாட்டிலும், கோலிஸ்டின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கைக் கால்நடைகளுக்குக் கொடுப்பதற்குத் தடை வந்தது 2019-இல்தான்.

சளிக்குக் காரணம் வைரஸ். ஆன்டிபயாடிக் அதைத் தொடுவதேயில்லை. அதற்கென்று சீட்டில்லாமல் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரை, பண்ணையில் நடந்ததை நம் குடலிலும் நடத்துகிறது. மருத்துவர்களின் கோபம் அதனால்தான்.

அன்புடன்.