வாசகர் கேள்வி – பதில்: வெளுக்கும் பவளம்

கேள்வி: எங்கள் வீட்டில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. கடையில் வாங்கிய வன்பவளம் ஒன்றை அதில் ஓராண்டாக வளர்த்து வருகிறோம். சித்திரை வெயில் தொடங்கியதும் நீரின் சூட்டைத் தணிக்க மின்விசிறி வைத்தோம். வற்றும் நீருக்கு ஈடாகத் தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து கேனில் கடல்நீர் கொண்டுவந்து தினமும் ஒரு லிட்டர் ஊற்றுகிறோம். ஒரு மாதமாகப் பவளம் வெளுத்து வருகிறது. விளக்கு வெளிச்சம் போதவில்லையா? அது இறந்துவிட்டால் இராமேசுவரம் பக்கத்திலிருந்து உயிருள்ள துண்டு ஒன்றை எடுத்து வந்து வைக்கலாமா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்: விளக்கைக் கூட்டாதீர்கள்; இப்போதைக்குச் சற்றுக் குறைப்பதே நல்லது. பவளத்தின் நிறம் அதன் சதைக்குள் வாழும் நுண்பாசிகளால் வருவது. அந்தப் பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து தரும் உணவில்தான் பவளம் பெரும்பாலும் பிழைக்கிறது. வெப்பமோ உப்போ அளவு மீறினால் பாசிகள் வெளியேறிவிடும், சதை நிறமிழந்து அடியிலுள்ள வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு தெரியும். எனவே வெளுத்த பவளமெல்லாம் இறந்த பவளம் அல்ல. இரவில் தொட்டி விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சிப் பாருங்கள். கூட்டின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய சதை படர்ந்திருந்து, உணர்கொம்புகளும் நீண்டிருந்தால் அது உயிரோடுதான் இருக்கிறது. சதை உரிந்து, வெறும் கூட்டில் பச்சைப் பாசி ஏறிய பகுதி மட்டுமே இனி மீளாது.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதல் சந்தேகம் உப்பின் மேல்தான் விழுகிறது. விசிறிக் காற்றில் ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு முழுவதும் தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. தினமும் ஒரு லிட்டர் ஊற்றினால் மாதத்தில் ஒரு கிலோவுக்கு மேல் உப்பு சேரும். தொட்டியில் ஏற்கெனவே இருந்த ஏழு கிலோவோடு அது சேர்ந்தால், லிட்டருக்கு 35 கிராமாக இருந்த அளவு 40 கிராமாகிவிடும். அதைப் பவளம் தாங்காது. வற்றிய நீருக்கு ஈடாக உப்பே இல்லாத ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றுங்கள், போர் தண்ணீர் வேண்டாம். ஏறிய உப்பையும் ஒரே நாளில் இறக்கிவிடக் கூடாது. உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் அளந்து, தொட்டி நீரைச் சிறிது எடுத்துவிட்டு ஆர்.ஓ. நீர் ஊற்றி, நாளொன்றுக்கு லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் குறையாதபடி 35-க்குக் கொண்டுவாருங்கள்.

வெப்பம் 25 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். 30-ஐத் தாண்டிப் பல நாள் நீடித்தால் அதுவே வெளுக்கப் போதும். கடலோரக் காற்றில் ஈரம் மிகுதியாக இருப்பதால் விசிறி ஓரளவுக்குத்தான் உதவும். தெர்மாமீட்டர் பிற்பகலில் 29-ஐக் காட்டினால், செலவைப் பார்க்காமல் நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி வாங்கிவிடுங்கள். காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு) வரையிலும், கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் வரையிலும் இருக்கட்டும். கூடு கட்டுவதற்கு இவை இரண்டும் தேவை. வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள். எண் சற்றுக் கூடக் குறைய இருந்தாலும் நாளுக்கு நாள் ஏறி இறங்காமல் இருப்பதுதான் முக்கியம்.

இராமேசுவரத்திலிருந்து எடுத்து வரக் கூடாது. பாறை அமைக்கும் பவளங்கள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன; உடைப்பதும் எடுத்து வருவதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் பவளங்கள் 2010, 2016 கோடைகளில் பெருமளவில் வெளுத்தவை என்பதையும் நினைத்துப் பாருங்கள். உங்களிடம் உள்ள பவளம் வெளிநாட்டிலிருந்து வந்ததா, அதற்கு இறக்குமதி ஆவணம் உண்டா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஆவணம் இல்லையென்றால் தாமதிக்காமல் மாவட்ட வன அலுவலகத்தை அணுகுங்கள்.