பேப்பர்காரரைக் கூப்பிடும் முன்

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் 860 சதுர அடியில் எங்கள் பிளாட். 28 வருடமாகக் குடியிருக்கிறோம், இப்போது விற்கப் போகிறோம். பார்க்க வந்தவர்கள் "வீடு சின்னதா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சாமானைக் குறைக்கச் சொல்கிறார் புரோக்கர். பரண் முழுக்க நிறைந்து கிடக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: காகிதத்திலிருந்து. ஒவ்வொரு ஃபைலையும், பரணில் இருக்கும் ஒவ்வொரு பையையும் பிரித்துப் பார்க்காமல் ஒரு கட்டுகூட எடைக்குப் போகக் கூடாது. கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், பட்டா, அனுமதி பெற்ற வரைபடம், சொத்து வரி ரசீது, குடிநீர் வாரிய ரசீது, வீட்டுக் கடன் முடிந்ததற்கு வங்கி தந்த கடிதம் எல்லாம் ஒரே உறையில் சேரட்டும். அசல் பத்திரம் ஒன்று தொலைந்தால் போலீஸ் புகார், நாளிதழ் விளம்பரம், 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற சான்று என்று இழுத்துக்கொண்டே போகும். வாங்க வந்தவர் அதுவரை காத்திருக்க மாட்டார். பழைய பாலிசி, வைப்பு ரசீது, காகிதப் பங்குச் சான்றிதழ் எல்லாம் இந்தக் குவியலில்தான் அகப்படும். ஆதார் நகல்களைக் கிழித்துப் போடுங்கள்.

அடுத்தது பரண். வயதானவர்கள் ஸ்டூல் போட்டு ஏற வேண்டாம், ஆள் வையுங்கள். அட்டைப் பெட்டியின் அடியிலோ சுவரிலோ மண் கோடு தெரிந்தால் கரையான். அந்தப் பெட்டியை ஹாலில் இறக்கி வைக்காமல் நேராக வெளியே கொண்டுபோய், மருந்து அடித்த பிறகே பரண் கதவை மூடுங்கள். பித்தளை, செம்பு, எவர்சில்வர், இரும்பு எல்லாவற்றுக்கும் வேறு வேறு விலை. கலந்து போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். பிள்ளைகளின் சாமான்களைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, பதில் சொல்ல ஒரு தேதியும் குறித்துக் கொடுங்கள். தேதி சொல்லாவிட்டால் "இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றே பதில் வரும்.

வீட்டைச் சின்னதாகக் காட்டுவது பெரும்பாலும் ஜன்னலை மறைக்கும் பீரோவும், கட்டிலடி மூட்டைகளும், சமையலறை மேடையில் நிற்கும் டப்பாக்களும்தான். பீரோவை ஜன்னல் இல்லாத சுவருக்கு மாற்றினாலே அறைக்கு வெளிச்சம் வந்துவிடும். மேடையில் அடுப்பும் மிக்ஸியும் போதும். பாத்ரூமில் வரிசையாக நிற்கும் பிளாஸ்டிக் டிரம்களைப் பார்த்ததும் சென்னைக்காரர் மனதில் ஓடுவது தண்ணீர்ப் பஞ்சம். தேவையில்லாதவற்றை எடுத்துவிடுங்கள். ஆனால் மெட்ரோ வாட்டர் வருகிறதா, போர் வற்றுமா, லாரி வாங்குகிறீர்களா என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

ஒழித்ததைப் பால்கனியிலும் மொட்டைமாடியிலும் கார் நிறுத்துமிடத்திலும் போட்டு வைக்காதீர்கள். வாங்குபவர் அங்கேயும் வந்து பார்ப்பார். பழைய மெத்தை, சோபாவுக்கு மாநகராட்சியின் 1913 எண்ணில் கேளுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியை அதை விற்கும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். காயலான் கடையில் உடைத்தால் ஆசிட்டும் ஈயமும் மண்ணில் கலந்துவிடும்.

கேள்வி: பீரோவை நகர்த்தினால் பின்னால் சுவரில் உப்பு பூத்திருக்கிறது. அந்தப் பக்கம் பாத்ரூம். பெயிண்ட் அடித்து மறைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட் சீக்கிரமே கொப்பளித்து உரியும். அட்வான்ஸ் வாங்கியபின் உரிந்தால் விலையைக் குறைக்கச் சொல்வார்கள், சண்டையும் வரும். மறைத்தது தெரிந்தால் மற்ற விஷயத்திலும் உங்களை நம்ப மாட்டார்கள். முதலில் பாத்ரூம் டைல்ஸ் இடுக்கிலிருந்து வருகிறதா, குழாயிலிருந்தா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். உப்பைச் சுரண்டிவிட்டுக் காயவிடுங்கள். காய்ந்ததா என்று அறிய ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி கட்டியிருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. கட்டாவிட்டால் பட்டி, பிரைமர், பிறகு பெயிண்ட். காலண்டரும் படங்களும் கழற்றிய இடத்தில் பழைய நிறம் கட்டம் கட்டமாகத் தெரியும். அங்கே மட்டும் தொட்டுவிட்டால் திட்டாக நிற்கும், சுவர் முழுவதும் அடியுங்கள். ஐப்பசி மழையில் சுவர் காய்வது கடினம். ஆடியில் பலர் வீடு வாங்க மாட்டார்கள் என்பதால் இந்த வேலைகளை அந்த மாதத்தில் முடித்துவிட்டு, ஆவணியில் வீட்டைக் காட்டுவது வசதி.

கேள்வி: ஃபேன், கீசர், ஏசியை எடுத்துக்கொண்டு போகலாமா?

பதில்: போகலாம், முன்கூட்டியே சொன்னால். எடுக்கப் போவதை வீடு காட்டும் முன்பே கழற்றிவிடுங்கள். பார்த்தது எல்லாம் தனக்கு என்றே வாங்குபவர் நினைப்பார். விட்டுப் போகும் பொருட்களை விற்பனை ஒப்பந்தத்திலேயே ஒவ்வொன்றாக எழுதிவிடுங்கள்: ஃபேன் எத்தனை, கீசர், சிம்னி, திரைச்சீலைக் கம்பி என்று. கேஸ் சிலிண்டரை மட்டும் விட்டுப் போகாதீர்கள். சிலிண்டர், ரெகுலேட்டர், இணைப்பு வாங்கியபோது தந்த வவுச்சர் மூன்றையும் ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட் திரும்பக் கிடைக்கும்.