இடுப்பு வலிக்கு மூன்று ஊசி ‘பேக்கேஜ்’: போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: வயது 46, தையல் வேலை. நான்கு வருடமாக இடுப்பு வலி, காலுக்கு இறங்குவதில்லை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஸ்கேனில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறதாம். முதுகுத்தண்டில் மூன்று ஸ்டீராய்டு ஊசி போட்டால் சரியாகிவிடும், மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்கிறார் ஸ்கேனுக்குக் கூட்டிப்போனவர். போடலாமா?

பதில்: வேண்டாம். முன்பணம் கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

‘காலுக்கு இறங்குவதில்லை’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது. ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைக்கும் மருந்து. டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை, நரம்பு வேரை அழுத்தி, அந்த வேர் வீங்கி, வலி பிட்டத்தில் தொடங்கி முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை மின்சாரம் பாய்வதுபோல் ஓடினால், இந்த ஊசிக்கு வேலை உண்டு. அதுவும் வலி புதிதாகவும் கடுமையாகவும் இருக்கும்போதுதான். கிடைப்பதும் சில வார நிவாரணம்தான். அப்போதும் எக்ஸ்ரே திரையில் ஊசி முனையைப் பார்த்தபடியே போட வேண்டும். தொடையில் லேசாகக் குடைவதையெல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். சேர்க்கக் கூடாது. உங்களைப் போல இடுப்போடு நிற்கும் வலிக்கு முதுகுத்தண்டு ஊசி வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016-லேயே சொல்லிவிட்டது.

ஸ்கேனைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், 40 வயதுக்காரர்களில் சுமார் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. கமிஷனுக்கு ஆள் பிடிப்பவர்களுக்கு மூலதனமே இந்த ஒரு வரி ரிப்போர்ட்தான். மூன்று ஊசி என்பதும் அவர்கள் கணக்கு. முதல் ஊசி கேட்குமா கேட்காதா என்று தெரியும் முன்பே மூன்றாவதுக்கு எதற்குப் பணம்?

இன்னொன்று, உங்கள் சர்க்கரை. இந்த ஊசிக்குப் பிறகு பல நாள் எகிறி நிற்கும். அதை அந்தத் தரகர் சொல்லியிருக்க மாட்டார். பக்கவாதம், பார்வையிழப்பு போன்ற அரிதான, மோசமான விளைவுகள் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல் எச்சரித்ததையும் சொல்லியிருக்க மாட்டார்.

எனக்கு ஆத்திரமே வருவது இங்கேதான். ஊசிக்கு ஒரு நாள் அட்மிஷன் போட்டால் பல நேரம் காப்பீடு பணம் கொடுக்கும். இரண்டு மாதம் பிசியோதெரபிக்குப் போய்வந்தால் பெரும்பாலும் கொடுக்காது. அரசு மருத்துவமனையில் இலவசம்தான். ஆனால் காலை வரிசையில் நின்றால் உங்கள் அரைநாள் கூலி போய்விடும். பலன் தருவதை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, நோயாளி ஊசி கேட்கிறார் என்று குறை சொல்கிறோம்.

இருந்தாலும் ஒருமுறை பிசியோதெரபிக்குப் போய் முதுகு, வயிற்றுத் தசைகளுக்கான பயிற்சியைக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு வீட்டில் தினமும் செய்யலாம். முதுகு சாய வசதியுள்ள நாற்காலிக்கு மாறுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். பெல்ட் வாங்க வேண்டாம், படுத்தே கிடக்கவும் வேண்டாம். தெம்பு வர சில வாரங்கள் பிடிக்கும்.

சிறுநீர் அடைத்தாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்தாலோ, எந்தப் பயிற்சியும் வேண்டாம். அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.